நீர்ச்சாலின் பெயர் கொண்ட கடற்பறவை

கோல்ஃபில் ஒரு குழிக்கு வகுத்ததைவிட மூன்று அடி குறைவாக அடித்துப் பந்தைக் குழியில் போட்டால் அது ‘ஆல்பட்ராஸ்’. சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் அல் கபோனை அடைத்து வைத்திருந்த சிறைத்தீவு ‘அல்கட்ராஸ்’. இரண்டு பெயரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தாம்.

எபிரேயத்தில் குடத்துக்குக் ‘கத்’ என்று பெயர். அதே செமிட்டியச் சொற்குடும்பத்திலிருந்து கிரேக்கர் ‘காடோஸ்’ என்று ஜாடிக்குப் பெயர் வாங்கினார்கள். அரேபியர் அதைக் ‘காதூஸ்’ ஆக்கி, நீர்ச்சக்கரத்தில் தண்ணீர் மொள்ளும் சாலுக்கு வைத்தார்கள். அரபு ஆட்சியில் ஐபீரியாவின் வயல்களெங்கும் அந்தச் சக்கரம் சுழன்றது. அல்-காதூஸ் போர்ச்சுகீசியர் வாயில் ‘அல்கட்ரூஸ்’ ஆனது. அல்கார்வ் கரை மீனவர்கள் ஆக்டோபஸ் பிடிக்கக் கயிற்றில் கோத்துக் கடலடியில் இறக்கும் பானைக்கும் அதே பெயர்தான்.

சால் எப்படிப் பறவையானது? கூழைக்கடாவின் தொங்கும் அலகுப் பையைப் பாருங்கள். அதில் தண்ணீர் மொண்டு குஞ்சுகளுக்குக் கொண்டு போகிறது என்று அக்காலத்தில் நம்பினார்கள். அதனால் அது ‘அல்கட்ராஸ்’ ஆனது என்பது ஒரு விளக்கம். முக்குளிப்பவனைக் குறிக்கும் ‘அல்-கத்தாஸ்’ என்ற அரபுச் சொல்லே மூலம் என்பாரும் உண்டு. எனக்குச் சாலின் கதையே பிடித்திருக்கிறது. பெயர் வைத்தவன் பறவையை உற்றுப் பார்த்திருக்கிறான்.

பிறகு கப்பல்கள் புறப்பட்டன. ஐபீரிய மாலுமிகள் கடலில் கண்ட பெரிய பறவைகளுக்கெல்லாம் தாராளமாக அந்தப் பெயரைச் சூட்டினார்கள். பதினாறாம் நூற்றாண்டில் ஆங்கிலேயரும் அப்படியே எடுத்துக்கொண்டார்கள். தென்கடல்களில் மூன்றரை மீட்டர் வரை சிறகு விரிக்கும் வெள்ளைப் பறவையைச் சந்தித்தபோது கையில் இருந்த பெயர் இதுதான். லத்தீனில் வெள்ளைக்கு ‘ஆல்பஸ்’. அதன் சாயல் ஒட்டிக்கொண்டு பதினேழாம் நூற்றாண்டில் ‘ஆல்பட்ராஸ்’ பிறந்ததாகக் கருதுகிறார்கள்.

1719இல் ஹார்ன் முனை அருகே, கப்பலை விடாமல் தொடர்ந்த ஒரு கருத்த ஆல்பட்ராஸை சைமன் ஹாட்லி என்ற மாலுமி சுட்டான். எதிர்க்காற்றுக்கு அதுவே காரணம் என்று அவனுக்குத் தோன்றியதாம். கப்பல் தலைவர் ஷெல்வாக் இதைத் தம் பயண நூலில் எழுதி 1726இல் வெளியிட்டார். வேர்ட்ஸ்வர்த் அந்நூலைப் படித்துவிட்டு நண்பர் கோல்ரிட்ஜிடம் சொன்னார். 1798இல் வெளியான கோல்ரிட்ஜின் கவிதையில், பறவையைக் கொன்ற மாலுமியின் கழுத்தில் அதையே தொங்கவிடுகிறார்கள். இறக்கி வைக்க முடியாத சுமையை ஆங்கிலேயர் இன்றும் ‘கழுத்தில் தொங்கும் ஆல்பட்ராஸ்’ என்பது அதனால்தான். கடலின்மேல் சிறகை அசைக்காமலே நெடுந்தொலைவு மிதந்து போகும் பறவையைப் பாரத்துக்கு உவமையாக்கியது அநியாயம்.

பழைய சொல் இன்னொரு வழியில் போயிற்று. 1775இல் ஸ்பானிய மாலுமி ஹுவான் மனுவேல் தெ அயாலா சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் ஒரு தீவுக்கு ‘அல்கட்ராஸ்களின் தீவு’ என்று பெயரிட்டார். அவர் குறித்தது இன்றைய எர்பா புவெனா தீவைத்தான் என்றும், 1826இல் ஆங்கிலேயர் பீச்சி தம் வரைபடத்தில் பெயரைப் பக்கத்துப் பாறைக்கு மாற்றிவிட்டார் என்றும் வரலாற்றாளர் பலர் சொல்கிறார்கள். அந்தப் பாறையில்தான் 1934 முதல் 1963 வரை கூட்டாட்சிச் சிறை இயங்கியது.

கோல்ஃபுக்குப் பெயர் வந்த வழி எளிது. அமெரிக்கர் ஓரடி குறைந்தால் ‘பேர்டி’, இரண்டடி குறைந்தால் ‘ஈகிள்’ என்றார்கள். மூன்றடிக்கு இன்னும் அரிய, இன்னும் பெரிய பறவை தேவைப்பட்டது. ஆனால் 1935 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜீன் சாரசன் அதைச் சாதித்தபோது அமெரிக்கா அதை ‘இரட்டைக் கழுகு’ என்றே கொண்டாடியது. இன்றும் அங்கே அந்தப் பெயரே வழக்கம்.

ஸ்பானியரும் போர்ச்சுகீசியரும் பிற்காலத்தில், தங்களிடமிருந்து போன சொல்லையே ஆங்கிலத்தின் உருமாற்றத்தோடு திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் மிஞ்சிய ‘அல்கட்ராஸ்’ இப்போது கன்னெட் என்ற வேறொரு கடற்பறவையைக் குறிக்கிறது. மெக்ஸிகோவிலோ அது ஒரு பூ: ஓவியர் டியேகோ ரிவேரா கூடை கூடையாக வரைந்த வெள்ளைக் காலா லில்லி.