சமூகவியற் கல்வியும் தொண்டுப்பணியும்: கிறித்தவக் கல்லூரிகளும் புதுக்கோட்டைக் களமும்

முன்னுரை

கிறித்தவக் கல்லூரிகளில் சமூகவியலும் அதனோடு உறவுடைய பாடங்களும் பயின்றோர் தொண்டுப்பணிகளை நாடுவது தமிழகக் கல்வி வரலாற்றில் அறிமுகமான செய்தி. இதற்குச் சமய உணர்வே காரணம் என்று கூறி அமைவது வழக்கம். சமய உணர்வு மட்டும் ஒருவரை வாழ்நாள் தொண்டராக்குமாயின், அதே கல்லூரிகளில் பயின்று வேறு தொழில் புகுந்த பெரும்பான்மையோரை எவ்வாறு விளக்குவது? ‘ஏன் இந்நிலை?’ என்னும் ஆய்வு வினாவும் ‘என் செய்வது?’ என்னும் கடமை வினாவும் ஒரே மாணவர் கையில் சேரும்போதே கல்வி தொண்டாக மாறுகிறது என்பது இக்கட்டுரையின் கருதுகோள். இக்கருதுகோளுக்குப் புதுக்கோட்டை மாவட்டம் உரைகல்லாகக் கொள்ளப்படுகிறது.

கணக்கெடுப்பும் தொண்டும்

இந்தியாவில் சமூகவியல் தனித்துறையாக வேரூன்றியது பம்பாயில் ஆகும். அங்கு 1919இல் பாட்ரிக் கெடிஸ் தலைமையில் துறை தொடங்கப்பெற்றது. தமிழகத்தில் சமூக ஆய்வின் முதற்பொறுப்பைப் பொருளியலே ஏற்றது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியரான கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் மாணவர்களைத் தத்தம் ஊர்களை ஆராய்ந்து எழுதப் பணித்தார். அதன் விளைவாகத் தென்னிந்தியக் கிராமங்கள் சிலவற்றைப் பற்றிய அவருடைய தொகுப்பு 1918இல் வெளிவந்தது. பின்னர் 1930களில் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுஆய்வு செய்தனர். மாணவர் தாம் பிறந்த ஊரையே ஆய்வுப்பொருளாகக் காணும் பார்வை இதனால் உருவாயிற்று. எனினும் கணக்கெடுப்பு முடிந்ததும் கடமையும் முடிந்தது. நிலமின்மை, கடன் ஆகியன பதிவாயினவேயன்றி அவற்றைத் தீர்க்கும் பொறுப்பு மாணவர்பால் வைக்கப்படவில்லை.

இதற்கு எதிர்த்திசையிலிருந்து வந்தது சமயத் தொண்டு மரபு. பள்ளி, மருத்துவமனை, விடுதி என அது உதவிகளை வழங்கியது. ஆனால் வறுமையின் காரணத்தை முறையாக ஆராயும் கருவி அதனிடம் குறைவாகவே இருந்தது. இவ்விரண்டையும் இணைத்த முன்னோடி முயற்சி பம்பாயில் நிகழ்ந்தது. அமெரிக்க மராத்தி மிஷனைச் சார்ந்த கிளிஃபோர்ட் மான்ஷார்ட், நாக்பாடா தொழிலாளர் பகுதியில் ஆற்றிய பணியின் பட்டறிவைக் கொண்டு, 1936இல் தொடங்கப்பெற்ற சர் தொராப்ஜி டாடா சமூகப்பணிப் பள்ளியை வழிநடத்தினார். தொண்டு என்பது பயிற்சியும் பட்டமும் ஊதியமும் உடைய தொழிலாகவும் அமையலாம் என்பதை அப்பள்ளி நிலைநாட்டியது. தமிழகத்தில் இதற்கு இணையாக 1952இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது.

வகுப்பறையிலிருந்து விரிவாக்கத்திற்கு

கல்லூரிக்குள்ளேயே இவ்விணைப்பு நிகழ்ந்தமைக்கு மால்கம் ஆதிசேஷையா தக்க சான்றாவார். வேலூரில் பிறந்த அவர், கல்கத்தாவின் புனித பவுல் கல்லூரியில் பொருளியல் கற்பித்த 1930களில் மாணவரைக் கிராமப்பணியில் ஈடுபடுத்தினார். பின்னர் 1940 முதல் 1946 வரை, அதற்குச் சில ஆண்டுகள் முன்னர்த் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்திருந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பேராசிரியராக விளங்கினார். யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் பொறுப்பு, 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆய்வு நிறுவனம், 1975 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவி எனத் தொடர்ந்த அவருடைய பணிவாழ்வில் ஆராய்ச்சியும் முதியோர் கல்வியும் பிரியாது நின்றன.

தனிமனிதர் முயற்சியாக இருந்த இப்போக்கு பின்னர்க் கல்விக்கொள்கையாயிற்று. 1969இல் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கியது. 1977இல் பல்கலைக்கழக மானியக்குழு, கற்பித்தல், ஆராய்ச்சி ஆகியவற்றுடன் விரிவாக்கப் பணியையும் உயர்கல்வியின் மூன்றாவது கூறாக ஏற்றது. அடுத்த ஆண்டே தமிழகத்தில் தன்னாட்சி பெற்ற கல்லூரிகளுள் சென்னைக் கிறித்தவக் கல்லூரி, இலயோலா, மதுரை அமெரிக்கன் கல்லூரி ஆகியன இடம்பெற்றன. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை கிடைத்ததால், களப்பணியை மதிப்பெண்ணுக்குரிய பாடமாக்க அவற்றிற்கு வழி பிறந்தது.

புதுக்கோட்டைக் களம்

தொண்டைமான் மன்னர்களின் ஆட்சியிலிருந்த புதுக்கோட்டையில் உயர்கல்வியின் ஊற்றாக விளங்கியது 1880இல் கல்லூரி நிலைக்கு உயர்ந்த மன்னர் கல்லூரியே. முத்துலட்சுமி ரெட்டி அங்கு பயின்றே மருத்துவக் கல்விக்குச் சென்றார். சமூகப்பணியைப் பாடமாகப் பயில விரும்பிய இப்பகுதி மாணவர்க்கு அண்மையில் இருந்தது திருச்சிராப்பள்ளி. அங்குள்ள பிஷப் ஹீபர் கல்லூரியில் சமூகப்பணித் துறை இயங்குகிறது. புனித வளனார் கல்லூரி ‘ஷெப்பர்டு’ என்னும் விரிவாக்கத் துறை வழியாக மாணவரைக் கிராமங்களுக்கு அனுப்புகிறது.

ஆயினும் 1974இல் தனி மாவட்டமான புதுக்கோட்டையின் பெருந்தொண்டு இயக்கம் கல்லூரித் துறை எதிலிருந்தும் பிறக்கவில்லை. 1991இல் மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில் எழுந்த அறிவொளி இயக்கம், ஊதியம் பெறாத தன்னார்வலர்களால் நடந்தது. பெண்கள் இயங்குவதற்குத் தடையாக இருந்தவற்றுள் ஊர்களுக்கிடையிலான தொலைவும் பிறரைச் சார்ந்தே பயணிக்கும் நிலையும் முதன்மையானவை எனக் கண்ட இயக்கம், எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியையும் இணைத்தது. மிதிவண்டி வாங்க வங்கிக் கடனுக்கு ஆட்சியர் வழிசெய்தார். இதனைப் பதிவுசெய்த பி. சாய்நாத், இயக்கத்தை ஒருங்கிணைத்த பெண் ஒருவரை அறிவியல் பட்டதாரி என்றே குறிப்பிடுகிறார்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. பெண்ணின் கல்லாமைக்கு அவளது ஆர்வக்குறைவைக் காட்டாமல், அவளைச் சூழ்ந்த அமைப்பில் காரணம் தேடுவதே சமூகவியற் பார்வை. அப்பார்வை புதுக்கோட்டையில் பட்டத்தால் வரவில்லை, களத்தால் வந்தது. களத்திலிருந்து அது மீண்டும் ஆய்வுக்குத் திரும்பியது. பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்த வெங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் இவ்வியக்கம் குறித்து இணைந்து எழுதிய நூல் 1996இல் வெளிவந்தது.

முடிவுரை

கிறித்தவக் கல்லூரிகளின் பங்களிப்பு, தொண்டு மனத்தை உருவாக்கியதோடு நிற்பதன்று. தொண்டைப் பயிற்சிக்கும் மதிப்பீட்டிற்கும் உரிய கல்வியாக்கியதில் உள்ளது. புதுக்கோட்டையோ, அக்கல்வியின் சாரம் வகுப்பறைக்கு வெளியேயும் விளையும் என்பதைக் காட்டுகிறது. ஆனால் இரண்டிற்கும் ஒரு வேறுபாடு எஞ்சுகிறது. பட்டம் பெற்றவருக்குத் தொண்டு பணியாகவும் அமைகிறது. தன்னார்வலருக்கோ இயக்கம் ஓய்ந்தபின் அந்த அனுபவத்தை எடைபோடும் சான்று எதுவுமில்லை. களப்பணியைச் சில நாள் முகாமாகச் சுருக்கும் பாடத்திட்டமும், களத்தில் பல்லாண்டு உழைத்தவரின் அறிவைக் கல்வியாக ஏற்காத நிறுவனமும் ஒரே பிழையின் இரு பக்கங்களாகும். தொண்டர்களைச் சமூகவியல் உருவாக்க வேண்டுமாயின், களம் பாடத்தின் பிற்சேர்க்கையாக அன்றித் தொடக்கமாக அமைதல் வேண்டும்.