பத்தூர் நடராசர் வழக்கு

திருவாரூர் மாவட்டம் பத்தூரில் பாழடைந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயிலின் சோழர் கால நடராசர் செப்புத் திருமேனியை மீட்க லண்டனில் நடந்த வழக்கு.

1976இல் குடிசையருகே மண் தோண்டிய கூலித் தொழிலாளி ஒருவருக்குக் கிடைத்த சிலை, பல கை மாறிக் கடல் கடந்தது. 1982இல் கனடாவின் பம்பர் நிறுவனம் 2,50,000 பவுண்டுக்கு அதை வாங்கியது. செப்பனிடக் கொடுத்திருந்தபோது லண்டன் காவல்துறை கைப்பற்றியது.

சிலை பத்தூருடையதே என நிறுவத் தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி சாட்சியம் அளித்தார். சிற்ப அமைதி மட்டுமின்றி, ஒட்டியிருந்த மண்ணும் கறையான் தடயங்களும்கூட அலசப்பட்டன. வழக்கின் சுவையான பகுதி வேறு: இடிந்த கோயில் வழக்காட முடியுமா? இந்தியச் சட்டத்தில் தெய்வம் சட்டப்படி ஓர் ஆள். 1925லேயே லண்டன் பிரிவி கவுன்சில் இதை ஒப்பியிருந்தது. 1988இல் கோயிலுக்குச் சாதகமாக வந்த தீர்ப்பை 1991இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதிசெய்தது. அதே ஆண்டு நடராசர் தமிழகம் திரும்பினார்.

திருட்டுப் பொருளுக்கு நீதிமன்றம் உண்டு. காலனி ஆட்சி எடுத்துச் சென்றவற்றுக்கு இந்த வழி எளிதாகத் திறப்பதில்லை. சான்றாக, ஆந்திரத்தின் அமராவதிச் சிற்பங்களில் ஒரு பகுதி எழும்பூர் அருங்காட்சியகத்திலும் மற்றொரு பகுதி பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன. பின்னதன் சேகரிப்பைக் கைமாற்ற 1963ஆம் ஆண்டின் பிரிட்டன் சட்டம் பெரும்பாலும் தடை.