பென்சில் கரிக்குள் ஒரு துளி ஈரம்



பூட்டு இறுகினால் தேங்காய் எண்ணெய் விடுவது நம் வீட்டு வழக்கம். நாலு நாள் சுகமாகத் திறக்கும். பிறகு எண்ணெயில் தூசி ஒட்டிப் பிசினாகிவிடும். பூட்டுக்கு ஏற்றது கிராஃபைட் தூள். அதன் வரலாறு சுவையானது, படியுங்கள்.

16ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பாரோடேல் மலைப்பகுதியில் இந்தக் கரிய பொருள் கட்டி கட்டியாகக் கிடைத்தது. முதலில் ஆடுகளுக்கு அடையாளம் போட்டார்கள். பிறகு பீரங்கிக் குண்டு வார்க்கும் அச்சுகளின் உட்புறம் பூசினார்கள். மதிப்பு ஏறியது, திருட்டும் பெருகியது. 1752இல் நாடாளுமன்றமே இதற்காகத் தனிச் சட்டம் போட்டது. திருடினால் நாடுகடத்தல்வரை தண்டனை!

அப்போது இதை ஈயத்தின் ஒரு வகை என்றே நம்பினார்கள். தமிழிலும் 'காரீயம்' என்ற சொல் இரண்டையும் குறிக்கிறது அல்லவா? 1779இல் சுவீடனின் ஷீலே, இது ஈயமல்ல, கார்பன் வகை என்று காட்டினார். 1789இல் ஜெர்மனியின் வெர்னர், எழுதுதல் என்னும் பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'கிராஃபைட்' என்று பெயர் வைத்தார். நம் சிவகங்கையிலும் இலங்கையின் போகலையிலும் இது கிடைக்கிறது.

ஏன் வழுக்குகிறது? 1924இல் ஜே.டி. பெர்னல் எக்ஸ் கதிர்களைக் கொண்டு இதன் படிக அமைப்பை ஆராய்ந்தார். கார்பன் அணுக்கள் தாள் தாளாக அடுக்கப்பட்டுள்ளன. தாளுக்குள் பிணைப்பு வலுவானது, தாள்களுக்கிடையே மிக நலிவானது. அதனால் சீட்டுக்கட்டைப் போல நழுவுகிறது என்பதே நீங்கள் படித்த விடை.

இரண்டாம் உலகப் போரில் அந்த விடை போதவில்லை. விமானத்தின் மின்னாக்கியில் கிராஃபைட் கலந்த கார்பன் பிரஷ் இருக்கும். உங்கள் வீட்டு மிக்ஸியில் இருக்கிறதே, அதே வகைதான். தரையில் நெடுங்காலம் உழைத்த பிரஷ், மிக உயரத்தில் பறக்கும்போது சில மணி நேரத்திலேயே பொடிப் பொடியாகத் தேய்ந்தது. நடுவானில் மின்சாரம் போனால் விமானியின் கதி என்ன?

காரணம் ஈரம். உயரத்தில் காற்று மிகவும் வறண்டது. அமெரிக்காவின் ஆர்.எச். சாவேஜ் சோதித்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். வெற்றிடத்தில் கிராஃபைட் வழுக்குவதில்லை, உரசித் தேய்கிறது. சிறிதளவு நீராவியைச் சேர்த்தால் மறுபடி வழுக்குகிறது. நீர் மூலக்கூறுகள் தாள்களின் ஓரங்களில் படிந்து, அவை ஒன்றையொன்று பற்றிக்கொள்ளாமல் காக்கின்றன. பிரஷ்ஷில் சில வேதிப்பொருள்களைச் சேர்த்து விமானச் சிக்கலைத் தீர்த்தார்கள். விண்வெளிக் கருவிகளில் இன்று கிராஃபைட்டுக்குப் பதில் மாலிப்டினம் டைசல்பைடைப் பெரிதும் பயன்படுத்துகிறார்கள்.

நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குக் குறைவில்லை, பூட்டுக்குக் கவலையில்லாமல் போடலாம். பழைய எண்ணெய்ப் பிசுக்கை முதலில் துடைத்துவிடுங்கள். பென்சில் முனையில் களிமண் கலந்திருக்கும் என்பதால் தனித் தூளே நல்லது.

ஆசிரியர்களாகிவிட்ட என் மாணவர்களே, அடுத்த முறை இந்தப் பாடம் நடத்தும்போது அந்த நீராவியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.