பூட்டுற பெடலா, சாதா பெடலா? உடைஞ்ச காலில் தொடங்கிய ஒரு கதை

1/
போன வாரம் ஓபியில் ஒரு தம்பி. வலது மணிக்கட்டு வீங்கிப் போய் வந்தார்.

"எப்படிப்பா விழுந்த?"

"நின்னுக்கிட்டு இருக்கும்போதே விழுந்தேன் சார்."

கரடுமுரடான பாதையில் மவுண்டன் பைக் ஓட்டி பத்திரமா இறங்கிட்டார். கடைசியில் வண்டியை நிறுத்தும்போது ஷூ பெடலை விட்டு வரல. மரம் சாயற மாதிரி சாய்ஞ்சிருக்கார். எக்ஸ்ரேயில் ரேடியஸ் எலும்பு முறிவு.

மாவுக்கட்டு போடும்போது கேட்டார்: "சார், பேசாம சாதா பெடலுக்கே மாறிடட்டுமா?"

அவருக்குச் சொன்ன பதில்தான் இந்த த்ரெட். கொஞ்சம் வரலாறு சொல்லாம அந்தப் பதில் புரியாது.

2/
முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம்.

ஷூவைப் பூட்டிக்கொள்ளும் பெடலுக்கு 'க்ளிப்லெஸ்' என்று பெயர். அதாவது க்ளிப் இல்லாதது. கால் மாட்டிக்கிற பெடலுக்கு ஏன் இப்படி ஒரு பேரு?

பழைய ரேஸ் சைக்கிள்களில் பெடலுக்கு முன்னால் ஒரு சின்ன இரும்புக் கூடு இருக்கும். விரல் பக்கத்தை அதில் நுழைத்து, தோல் வாரை இழுத்துக் கட்டுவாங்க. அந்தக் கூட்டுக்குத்தான் டோ க்ளிப் என்று பெயர். அது இல்லாமலே காலைப் பிடித்த பெடல் வந்ததும், 'க்ளிப் இல்லாத பெடல்' ஆகிவிட்டது.

3/
கதை தொடங்குவது சைக்கிளில் இல்லை. பனிச்சறுக்கில்.

1937. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம், மவுண்ட் ஹூட் மலை. ஹியால்மர் வாம் என்ற நார்வேயில் பிறந்த பனிச்சறுக்கு வீரர் அங்கே விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்தக் காலத்துக் கட்டு, பலகையோடு காலை இறுக்கிப் பிடிக்கும். விழுந்தாலும் விடாது.

ஆறடி நீளப் பலகை ஒரு பெரிய நெம்புகோல். அது பனியில் சிக்கித் திரும்பினால் அந்த முறுக்கு முழுக்க முழங்காலுக்குக் கீழே இருக்கும் எலும்புக்குத்தான் போகும். ஈரத்துணியைப் பிழியுற மாதிரி. எலும்பு சுருள் வடிவில் உடையும்.

வாமுக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போதே யோசனை வந்தது: காலைப் பிடிக்கணும், ஆனா முறுக்கினால் விட்டுடணும். அதை வைத்து அவர் தானாகக் கழன்றுவிடும் கட்டு ஒன்றை உருவாக்கினார்.

4/
அதே கேள்விக்கு பிரான்சில் பதில் தேடியவர் ஜான் பேல். அவருடைய கம்பெனி பெயர் லுக். 1950இல் 'லுக் நெவாடா' என்ற கட்டைக் கொண்டுவந்தார். அளவுக்கு மீறிய விசை வந்தால் ஷூவின் முன்பக்கம் பக்கவாட்டில் கழன்றுவிடும்.

இந்த லுக் என்ற பேரை ஞாபகம் வச்சுக்குங்க. திரும்ப வரும்.

5/
1970களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி கம்பெனி, எம்71 என்ற பெடலைக் கொண்டுவந்தது. ஷூ நன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆனால் கழற்ற, குனிந்து கையால் ஒரு நெம்பைத் தள்ளணும்!

விழும்போது யாருக்குக் குனிய நேரம் இருக்கு? மரண பெடல் என்றே அதற்குப் பட்டப்பெயர் வந்தது. பிடிக்கத் தெரிந்தது, விடத் தெரியவில்லை.

6/
1984. லுக் கம்பெனி தன் பனிச்சறுக்கு அறிவை சைக்கிளுக்குக் கொண்டுவந்தது. ஷூவின் அடியில் ஒரு தகடு, அதற்கு க்ளீட் என்று பெயர். மிதித்தால் 'டக்' என்று பூட்டும். குதிகாலை வெளிப்பக்கம் திருப்பினால் கழன்றுவிடும். கை தேவையே இல்லை.

1985இல் பெர்னார் இனோ இந்தப் பெடலோடு டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். நடுவில் விழுந்து மூக்கு உடைந்தும் ஜெயித்தார் என்பது தனிக்கதை. டோ க்ளிப்பின் காலம் ரேஸ் உலகில் முடியத் தொடங்கியது.

7/
இங்கே முழங்கால் பற்றி ஒரு விஷயம்.

நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் ஒரு மணி நேரத்தில் 4,800 சுற்று. நம்ம பாதம் இயல்பாகக் கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி இருக்கும். அதை ஒரே கோணத்தில் பூட்டிவிட்டால், 4,800 தடவையும் அந்தக் கோளாறைத் தாங்குவது முழங்கால்தான்.

இதைச் சரிசெய்யப் பாதத்துக்குச் சில டிகிரி அசையும் இடம் தேவைப்பட்டது. அதற்கு 'ஃப்ளோட்' என்று பெயர். அந்த அசைவோடு 'டைம்' என்ற இன்னொரு கம்பெனியின் பெடலை வடிவமைத்தவரும் அதே ஜான் பேல்தான்!

8/
இதெல்லாம் தார் ரோட்டுக் கதை. மலைக்கு வருவோம்.

1976 அக்டோபர் 21. கலிபோர்னியாவின் மரின் கவுண்டி. ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில் ஒரு மண்பாதை. சுமார் 3.4 கிலோமீட்டரில் 400 மீட்டர் இறக்கம். சார்லி கெல்லி, ஜோ பிரீஸ், கேரி ஃபிஷர் போன்றவர்கள் பழைய தடித்த டயர் சைக்கிள்களைத் தட்டி ஒட்டி அங்கே ரேஸ் விட்டார்கள்.

பெடலைப் பின்னால் மிதித்துப் பிடிக்கும் பிரேக். ஒரு தடவை இறங்கினாலே சூட்டில் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்துபோகும். மறுபடி கிரீஸ் அடைக்கணும். அதனால் அந்த ரேஸுக்கே 'ரீபேக்' என்று பெயர்.

சறுக்கும் மண்ணில் எந்த நொடியும் காலை ஊன்ற வேண்டிவரும். அப்படிப்பட்ட இடத்துக்குச் சாதா பெடல்தான் பொருத்தம்.

9/
ரோட்டு க்ளீட் மலையில் ஏன் ஒத்துவரல? அது பெரிசு, ஷூவுக்கு வெளியே துருத்தி நிற்கும். இறங்கி நாலடி நடந்தாலே வழுக்கும். சேறு அடைச்சுக்கும்.

1990இல் ஜப்பானின் ஷிமானோ கம்பெனி எஸ்பிடி பெடலைக் கொண்டுவந்தது. சின்ன உலோக க்ளீட், ரெண்டே போல்ட், ஷூவின் அடியில் பள்ளத்துக்குள் பதுங்கியிருக்கும். சாதாரணமா நடக்கலாம். எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கணும் என்பதையும் ஸ்க்ரூவால் மாத்திக்கலாம்.

அதே 1990இல் கொலராடோவின் டுராங்கோவில் சர்வதேச சைக்கிள் சங்கத்தின் முதல் மவுண்டன் பைக் உலகப் போட்டி. 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மவுண்டன் பைக் நுழைந்தது. போட்டி சீரியஸாக ஆக, காலைப் பூட்டுவதும் பரவியது.

10/
கூடவே ஒரு நம்பிக்கையும் பரவியது: "காலைப் பூட்டினால் மேலே இழுக்கவும் செய்யலாம். பவர் கூடும்."

கேட்க நல்லாத்தான் இருக்கு. மருத்துவத்திலும் இப்படி நிறைய இருந்திருக்கு. கேட்க நல்லா இருக்கும், அளந்து பார்த்தால் வேறு கதை வரும்.

2007, 2008இல் வந்த ஆய்வுகளில் அளந்து பார்த்தார்கள். "மேலே இழுத்து மிதி" என்று சொன்னபோது பெடலில் விசையின் திசை அழகாக மாறியது. ஆனால் உடலின் சிக்கனம் குறைந்தது. அதாவது அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் செலவு. வழக்கம்போல மிதிக்கும்போது சாதா பெடலுக்கும் பூட்டும் பெடலுக்கும் சிக்கனத்தில் பெரிய வித்தியாசமே தெரியவில்லை.

இவை சிறிய ஆய்வுகள், ஒரே வேகத்தில் லேபில் செய்தவை. முழு மூச்சில் பாயும்போது, கல்லில் வண்டி குதிக்கும்போது, பூட்டிய கால் நழுவாது என்ற நன்மை உண்மையானதுதான். ஆனால் "சாதா பெடல்னா பாதி பவர் வேஸ்ட்" என்பது கட்டுக்கதை.

11/
சாதா பெடலும் சும்மா இருக்கல. அதை மாத்தியது பாறை ஏறுபவர்களின் ஷூ!

சார்லஸ் கோல் 1985இல் தொடங்கிய ஃபைவ் டென் கம்பெனி, பாறையில் ஒட்டும் 'ஸ்டெல்த்' ரப்பரை உருவாக்கியது. அந்த ரப்பர் சைக்கிள் ஷூவுக்கும் வந்தது. பெடலில் சின்ன உலோக முள், மேலே ஒட்டும் ரப்பர். கட்டாமலே கால் நின்றது.

ஆஸ்திரேலியாவின் சாம் ஹில் சாதா பெடலோடு 2006, 2007, 2010இல் டவுன்ஹில் உலக சாம்பியன். "இறக்கத்துக்குச் சரி, ஏற்றத்துக்கு?" என்று கேட்டவர்களுக்கு, ஏற்றமும் இறக்கமும் கலந்த எண்டூரோ உலகத் தொடரை 2017, 2018, 2019 என மூன்று வருடம் தொடர்ந்து ஜெயித்துக் காட்டினார்.

12/
இப்போ டாக்டரா பேசுறேன். ரெண்டுக்கும் தனித்தனிக் காயம் உண்டு.

சாதா பெடல்: கால் நழுவினால் முள் முன்னங்காலைக் கிழிக்கும். மண் பட்ட காயம். நல்லாக் கழுவணும், டெட்டனஸ் ஊசி எப்போ போட்டோம்னு பாக்கணும்.

பூட்டும் பெடல்: கழற்ற முடியாமல் பக்கவாட்டில் விழுந்து கையை ஊன்றுவது. மணிக்கட்டு, தோள்பட்டைக் காறை எலும்பு உடையும். கட்டைவிரல் அடியில் வலி இருந்தால், முதல் எக்ஸ்ரே நார்மலா இருந்தாலும் விட்டுடாதீங்க. ஸ்கேஃபாய்டு என்ற சின்ன எலும்பின் முறிவு முதல் படத்தில் ஒளிஞ்சுக்கும். க்ளீட் கோணம் தப்பா இருந்தா முழங்கால் வலியும் வரும்.

13/
அந்தத் தம்பிக்குச் சொன்னது இதுதான்:

▪️ கட்டு பிரிக்கும் வரை ரெண்டு பெடலும் வேண்டாம்!
▪️ அப்புறம் கொஞ்ச மாசம் சாதா பெடல். உடம்பு பேலன்ஸைக் கத்துக்கட்டும், பயம் போகட்டும்.
▪️ திரும்பப் பூட்டணும்னா ஸ்க்ரூவை இருப்பதிலேயே தளர்வா வைங்க. புல்தரையில் நின்னுக்கிட்டு, ஒவ்வொரு காலையும் மனசு யோசிக்காம கழற்ற வரும்வரை பழகுங்க.
▪️ நிறுத்துறதுக்கு முன்னாடியே ஒரு காலைக் கழற்றிடுங்க.
▪️ தேய்ஞ்ச க்ளீட்டை மாத்துங்க. அது சமயத்தில் விடாது.
▪️ பூட்டாமலே சந்தோஷமா ஓட்ட முடிஞ்சா, அப்படியே ஓட்டுங்க. ஒண்ணும் குறைஞ்சுடாது.

14/
இந்தக் கதையைத் திரும்பிப் பாருங்க. காலைப் பிடிக்கும் வித்தை ஒரு தோல் வாருக்கே தெரிஞ்சிருந்தது. அதுக்கப்புறம் இத்தனை வருஷமும் இவங்க மண்டையை உடைச்சுக்கிட்டது, சரியான நேரத்தில் எப்படி விடுவது என்பதற்குத்தான்.

தம்பி கிளம்பும்போது கேட்டார்: "வீட்ல சைக்கிளையே விக்கச் சொல்றாங்க சார்."

"பெடலை மட்டும் மாத்தச் சொன்னாருன்னு சொல்லுப்பா. சைக்கிள் இருக்கட்டும்" என்றேன்.

சைக்கிள் ஓட்டும் நண்பர்களுக்கு அனுப்புங்க.