கோவிந்தனுக்காக ஆஜரானவர்

முல்லோயா கோவிந்தனைத் தேடிப் போகிறவருக்கு முதலில் அகப்படுவது கோவிந்தன் அல்ல, மந்திரிசபை. இலங்கை வரலாற்று நூல்களின் சொல்லடைவில் முல்லோயாவைப் பிடித்துப் பக்கத்தைப் புரட்டினால், அது பெரும்பாலும் அரசியலமைப்புச் சீர்திருத்தம் பற்றிய அத்தியாயத்துக்கே கொண்டுபோய் விடுகிறது. கண்டிக்குத் தென்கிழக்கே ஹேவாஹெட்டை மலையில் 1940 ஜனவரி 10ஆம் திகதி பொலிஸ் சுட்டுச் செத்த ஒரு தோட்டத் தொழிலாளி அங்கே எப்படிப் போய்ச் சேர்ந்தார்? இந்தக் கேள்விதான் என்னைக் கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தது.

முல்லோயாத் தோட்டத்தில் நடந்தது 16 சதச் சம்பள உயர்வு கேட்ட வேலைநிறுத்தம். லங்கா சமசமாஜக் கட்சியின் தோட்டத் தொழிற்சங்கம் பின்னால் நின்றது. சூட்டுக்குப் பிறகு இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கின. சூட்டை விசாரிக்க ஒரு ஆணைக்குழு. வேலைநிறுத்தக்காரர்களைத் தண்டிக்க நீதவான் நீதிமன்றத்தில் வழக்குகள். சுட்டது சரியா என்று ஒரு பக்கம் கேட்டுக்கொண்டே, சுடப்பட்ட கூட்டத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தார்கள்.

அரசாங்க சபை விவாதங்களின் பழைய தொகுதிகளைப் பென்சிலும் கையுமாகப் படித்தபோது முடிச்சு அவிழ்ந்தது. உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக, ஆணைக்குழு முடியும்வரை அந்த வழக்குகளைத் தள்ளிவைக்கக் கோரும்படி பொலிஸ் மா அதிபர் பாங்க்ஸிடம் சொல்கிறார். பாங்க்ஸ் இணங்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பாங்க்ஸின் பக்கம் நிற்கிறார். பெப்ரவரி முடிவில் அமைச்சர்கள் கூண்டோடு ராஜினாமாச் செய்கிறார்கள். சில வாரங்களில் திரும்பியும் வந்துவிடுகிறார்கள். பொலிஸ் தலைவருக்கு உத்தரவு போடும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் அன்றைய பெரிய சண்டை. தள்ளிவைக்கச் சொன்ன அந்த ஒரு யோசனையில் கூலிக்காரனுக்கும் நியாயம் வேண்டும் என்ற எண்ணம் இருந்தது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது வாயை விட்டு வந்த கணமே மந்திரிமாரின் மானப் பிரச்சினையாகிவிட்டது. கோவிந்தன் அரசியலமைப்பு அத்தியாயத்துக்குப் போன வழி இதுதான்.

அப்படியானால் அவருடைய வீட்டாருக்கு யார் இருந்தார்கள்? ஆணைக்குழு முன் கோவிந்தனின் மனைவிக்காக ஆஜரானவர் சமசமாஜக் கட்சித் தலைவர்களில் ஒருவரான டாக்டர் கொல்வின் ஆர். டி சில்வா. பொலிசையும் அதற்குப் பின்னால் நின்ற தோட்ட முதலாளிகளையும் அவர் அங்கே விளாசித் தள்ளினார். லயத்துப் பெண்ணொருத்திக்காக நாட்டின் முன்னணி வழக்கறிஞர்களில் ஒருவர் வந்து நிற்பது அன்றைக்குச் சாதாரணம் இல்லை. அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் போனேன்.

பின்னால் போனால் 1937, அவருடைய கட்சி கையிலெடுத்த இன்னொரு விவகாரம். கண்டிப் பக்கத்திலேயே இன்னொரு மூலை. மடுல்கலை ரெலுகாஸ் தோட்டத்துக்குத் தொழில் பழக வந்த வெள்ளைக்காரச் சின்னதுரை பிரேஸ்கர்டில், தொழிலாளர் பக்கம் பேசியதால் வேலையிழந்தார். ஏப்ரல் 3ஆம் திகதி நாவலப்பிட்டிக் கூட்ட மேடையில், மடுல்கலை மலையைக் காட்டி வெள்ளைத் துரைமாரைச் சாடினார். கமலாதேவி சட்டோபாத்யாயாவும் அதே மேடையில் இருந்தார். துரைமார் கொதித்தார்கள். ஆளுநர் ஸ்டப்ஸ், 1896ஆம் ஆண்டு அவசரச் சட்டக் கட்டளை ஒன்றைத் தூசி தட்டியெடுத்து நாடுகடத்த உத்தரவிட்டார். பிரேஸ்கர்டில் கப்பலேறாமல் தலைமறைவானார். சமசமாஜிகள் ஒளித்து வைத்தார்கள். அரசாங்க சபை 34க்கு 7 என்ற வாக்கில் ஆளுநரைக் கண்டித்தது. பிடிபட்டதும் ஆட்கொணர்வு மனு, எச்.வி. பெரேரா வாதாடினார். நெருக்கடி காலத்துக்கென்று தந்த அதிகாரத்தைச் சாதாரண நாளில் இப்படிப் பயன்படுத்த முடியாது என்று பிரதம நீதியரசர் ஏப்ரஹாம்ஸ் தலைமையிலான மூவர் ஆயம் மே 18ஆம் திகதி விடுவித்தது. உத்தரவு வந்த ஒரு மாதத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஒளிய வீடு, பேச சபை, வாதாட வழக்கறிஞர் மூன்றும் அவருக்கு வாய்த்தன. வெள்ளைத் தோல் உதவவில்லை என்று சொல்ல நான் தயாரில்லை.

முன்னால் போனால் போகம்பர. முல்லோயா விசாரணை நடந்த அதே ஆண்டு ஜூனில், என்.எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய சமசமாஜத் தலைவர்களோடு கொல்வினும் கைது. யுத்த காலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் பிடித்ததால் குற்றப்பத்திரிகையும் இல்லை, விசாரணையும் இல்லை. கடைசியில் கண்டி போகம்பரச் சிறையில் கொண்டுவந்து அடைத்தார்கள். முல்லோயா மலையிலிருந்து அதிகத் தூரம் இல்லை. கோவிந்தனின் வீட்டாருக்காகச் சட்டம் பேசியவருக்குச் சட்டம் இல்லாமல் போயிற்று. அவருக்கு உதவியதும் சட்டம் அல்ல, சொலமன் என்ற சிறைக்காவலர். அவர் தயவில் 1941இல் இரகசியமாக வெளியே வந்து கட்சி மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பவும் சிறைக்குள் போயிருக்கிறார்கள்! ஜப்பானியர் கொழும்பில் குண்டு போட்டு இரண்டு நாள் கழித்து, 1942 ஏப்ரல் 7ஆம் திகதி, காவலரையும் அழைத்துக்கொண்டு ஒரேயடியாகக் கிளம்பிவிட்டார்கள். பிறகு பம்பாயில் பிடிபட்ட பிலிப்புக்கும் என்.எம்முக்கும் கிடைத்த தண்டனை சிறையிலிருந்து தப்பியதற்கு. உள்ளே போட்டதற்கு எந்த வழக்கும் இருக்கவில்லை. நான் இதையெல்லாம் படித்த சுவடிகள் திணைக்களம் இருக்கும் வீதிக்கு இன்று பிலிப் குணவர்த்தன மாவத்தை என்று பெயர்.

கொல்வினை இதோடு விட மனம் வரவில்லை. 1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளரை நாடற்றவராக்கியபோது அவர் கட்சி எதிர்த்து வாக்களித்தது. 1972 குடியரசு யாப்பை அமைச்சராக இருந்து வகுத்தவரும் இதே கொல்வின்தான். அதற்கு முந்தைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு சிறுபான்மையினருக்குத் தந்திருந்த காப்பு அதில் இல்லாமல் போயிற்று. முல்லோயா விசாரணையில் நின்ற மனிதரையும் இந்த மனிதரையும் ஒரே கோப்பில் வைக்க எனக்கு இன்னும் கை கூசுகிறது.

இன்றைக்கு ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாக நினைவுகூர்கிறார்கள். மேடைகளில் கோவிந்தன் பெயர் ஒலிக்கிறது. அவரோடு நின்று, சூட்டுக்குப் பிறகு நீதிமன்றப் படியேறியவர்களைத்தான் இப்போது தேடுகிறேன். கால்டிகொட் தன் பக்க நியாயத்தை லண்டனுக்கு விளக்கியாக வேண்டியிருந்தது. இலங்கை ஆளுநர்களின் கடிதங்கள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 54 என்ற வரிசையில் இருக்கின்றன. 1940ஆம் ஆண்டுக் கட்டில் ஏதாவதொரு கடிதத்தின் இணைப்பாக அந்த வழக்குகளின் பட்டியல் போயிருக்கலாம். அடுத்து அங்கேதான் எழுதிக் கேட்கப் போகிறேன்.