வானொலித் தேகாப்பியாசம்: யப்பானிய வரலாறு தரும் பாடம்

பள்ளிப் பருவத்தில் ஓடியாடித் திரிந்த உடல், உத்தியோகமும் குடும்பமும் வந்து சேர்ந்தபின் கதிரையிலேயே தங்கிவிடுகின்றது. தேகாப்பியாசம் நன்மை தருமென்பதை அறியாத பெரியோர் எவருமிலர். அறிந்தும் செய்யாதோரே பலர். அறிவுக்கும் செயலுக்கும் இடையிலுள்ள இவ்விடைவெளியை ஒரு நாட்டு மக்கள் எவ்வாறு கடந்தனர், கடக்கையில் எங்கே வழி தவறினர் என்பதை யப்பானியரின் வானொலித் தேகாப்பியாச வரலாறு காட்டுகின்றது. அதனை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

இதன் வித்து யப்பானிலே தோன்றியதன்று. 1925ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் ஆயுட் காப்புறுதிக் கழகம் காலைதோறும் வானொலி மூலம் தேகாப்பியாச வகுப்பொன்றை நடத்தத் தொடங்கியது. காப்புறுதி செய்தோர் நெடுங்காலம் வாழ்ந்தாற் கழகத்துக்கும் இலாபமன்றோ? பிறர் நலமும் தன்னலமும் இங்கு ஒரே வழியிற் சென்றன.

அக்காலத்து யப்பானில் மக்களின் ஆயுள் மிகக் குறுகியதாயிருந்தது. 1920களின் முற்பகுதியிற் பிறந்த ஆண் குழந்தைக்கு ஏறத்தாழ 42 ஆண்டும், பெண் குழந்தைக்கு 43 ஆண்டுமே சராசரி ஆயுளாகக் கணிக்கப்பட்டன. அந்நாட்டு அஞ்சற் பகுதி 1916 முதல் எளிய மக்களுக்கான ஆயுட் காப்புறுதியை நடத்தி வந்தது. அமெரிக்கா சென்று மீண்ட அதன் அதிகாரிகள் இப்புதிய முறையைத் தம் நாட்டுக்கும் எடுத்துரைத்தனர். அதன் பயனாக, ஹிரோஹித்தோ சக்கரவர்த்தியின் முடிசூட்டு விழாவையொட்டி, 1928 நவம்பர் 1ஆந் திகதி தோக்கியோ வானொலியிற் காலைத் தேகாப்பியாசம் ஆரம்பமாயிற்று. இராணுவ வாத்தியக் குழுவிற் பணியாற்றிய எகி றீச்சி என்பார், பியானோ இசையுடன் பயிற்சிக் கட்டளைகளைச் சொல்லி நாட்டை எழுப்பினார்.

எனினும் வானொலிக் குரல் ஒன்றே மக்களை முற்றத்துக்குக் கொண்டுவந்துவிடவில்லை. 1930ஆம் ஆண்டுக் கோடை விடுமுறையில், தோக்கியோவின் கண்டா பகுதியிலே பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் அயற் சிறுவரை அதிகாலையில் ஓரிடத்திற் கூட்டிப் பயிற்சி செய்வித்தார். இவ்வழக்கம் விரைவில் நாடெங்கும் பரவியது. சிறுவருக்கென எழுந்த கூட்டங்கள் அயலார் யாவரும் சந்திக்கும் இடங்களாயின. வீட்டிலே தனித்து நின்று செய்ய நாணியவர், பத்துப் பேருடன் கூடி நின்று செய்யத் துணிந்தனர். வரவைக் குறிக்கும் அட்டையிலே நாள்தோறும் முத்திரை பெறுவது சிறுவர்க்குப் பெருமகிழ்ச்சி தந்தது.

இனி வழி தவறிய கதையைச் சொல்லுவோம். 1930களின் பிற்பகுதியிலே போர் மூண்டபோது, ஒரே நேரத்தில் ஒரே கட்டளைக்கு இலட்சக்கணக்கானோர் அசையும் இக்காட்சி ஆட்சியாளருக்கு வேறொரு பயனைத் தந்தது. உடல் நலத்துக்கென எழுந்த பயிற்சி, போருக்கென மக்களைத் திரட்டும் கருவியாயிற்று. யப்பானின் ஆட்சிக்குட்பட்டிருந்த கொரியாவிலும் தைவானிலும் அது புகுத்தப்பட்டது. தாமாக வந்தோர் வராமலிருக்க இயலாதோர் ஆயினர்.

யுத்தம் 1945இல் முடிவுற்றது. வானொலிக் கட்டளைக்கு மக்கள் ஒருங்கே பணிவதை நேச நாட்டுப் படையினரின் நிருவாகம் ஐயக்கண் கொண்டு நோக்கியது. 1946இல் அமைக்கப்பட்ட புதிய பயிற்சியோ செய்தற்கரியதாயிருந்தமையால் மக்களைக் கவரவில்லை. 1947 ஆகஸ்ட் மாத முடிவில் ஒலிபரப்பு நின்றது.

ஆயினும் கதை அத்துடன் முடியவில்லை. யாவரும் எளிதிற் செய்யத்தக்க 13 அசைவுகளுடன், மூன்று நிமிடமளவில் முடியும் புதிய பயிற்சி 1951 மே மாதம் ஒலிபரப்பாயிற்று. அடுத்த ஆண்டில், தொழில் புரியும் இளைஞரைக் கருதிச் சற்றுக் கடினமான இரண்டாம் பயிற்சியும் வந்தது. அமர்ந்தபடியே செய்யக்கூடிய பயிற்சியொன்று 1999இற் சேர்க்கப்பட்டதனால், நிற்க இயலாத முதியோரும் பங்குகொள்ள வழி பிறந்தது. இன்றும் காலை 6.30 மணிக்கு அவ்விசை ஒலிக்கின்றது. பூங்காக்களிலே முதியோர் கூடுகின்றனர். கட்டட வேலைத் தலங்களிலே தொழிலாளர் வேலைக்கு முன் கைகால்களை நீட்டி மடக்குகின்றனர்.

இவ்வரலாற்றிலிருந்து நாம் அறிவது யாது? வளர்ந்தோரைத் தேகாப்பியாசத்துக்கு அழைப்பதற்குப் பெரும் மண்டபமோ விலையுயர்ந்த கருவிகளோ வேண்டியதில்லை. தவறாத ஒரு நேரம், நடந்து செல்லக்கூடிய ஓரிடம், பெயர் சொல்லி விசாரிக்கும் சில நண்பர், எவராலும் செய்யக்கூடிய பயிற்சி ஆகிய நான்குமே போதும். ஒருநாள் வராதவரை மறுநாள் “நேற்று ஏன் வரவில்லை?” என அன்புடன் கேட்கும் குரலொன்று, நூறு சொற்பொழிவுகள் செய்யாததைச் செய்துவிடும்.

ஆனால் அவ்வன்பு அதிகாரமாக மாறுதல் ஆகாது. கட்டாயம் சில காலம் கூட்டத்தைப் பெருக்கலாம். விருப்பமே அதனை நிலைக்கச் செய்யும். அதிகாரத்தின் நிழலிலே களங்கமுற்ற பயிற்சி, மக்களின் சொந்த விருப்பத்தினாலேயே மீண்டும் உயிர் பெற்று இத்தனை ஆண்டுகள் நிலைத்துள்ளது. வாலிபர் முன்னின்று அழைக்க, முதியோர் தம்மாலியன்ற அளவிற் கலந்துகொள்ளும் காலைப் பொழுதொன்று எவ்வூரிலும் அமைதல் கூடும். அதனைத் தொடங்குவதற்குப் பத்துப் பேர் போதுமென்பதே நாம் இவ்வரலாற்றிற் கண்ட பாடமாகும்.