தம்பானூர் காபி ஹவுஸும் ஒரு 'ன்'னும்

மகளுக்குப் பள்ளியில் ஒரு ப்ராஜெக்ட். பெற்றோரின் ஊர்ப்பக்கத்துக் காபி கடைகளைப் பற்றிப் படம் போட்டு ஒரு மடிப்புத்தாள் தயாரிக்க வேண்டும். ஏ4 தாளை மூன்றாக மடித்தால் ஆறு பக்கம். படங்கள் அவள் பொறுப்பு, வரலாறு என் பொறுப்பு. ஊர் திருவனந்தபுரம் என்றான பிறகு முதல் பக்கத்தில் எது வர வேண்டும் என்பதில் சண்டையே இல்லை. தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸ்தான். ரயிலை விட்டு இறங்கியவர்கள், நாகர்கோவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள் என்று நம்மில் பலர் அந்தச் செங்கல் நிற உருளைக்குள் ஒரு தடவையாவது ஏறி இறங்கியிருப்போம்.

வரையும்போதுதான் சிக்கல். அந்தக் கட்டடத்தில் முதல் மாடி, இரண்டாம் மாடி என்று எதுவும் கிடையாதே! ஒரே சாய்தளம் சுருண்டு சுருண்டு மேலே போகிறது. நடுவில் வட்டமாக ஓர் உள்கட்டு. வெளிச்சுவரை ஒட்டி மேஜையும் இருக்கையும் கட்டடத்தோடு சேர்த்தே கட்டியிருக்கிறார்கள். 'நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருங்க' என்ற பேச்சுக்கே இடமில்லை. சுவர் முழுக்கச் சின்னச் சின்னத் துவாரங்கள், அதன் வழியே வெளிச்சமும் காற்றும். நியூயார்க்கில் 1959ல் திறந்த குகன்ஹைம் அருங்காட்சியகமும் இப்படிச் சுருள் பாதைதான். அங்கே நடந்துகொண்டே ஓவியம் பார்க்கலாம், இங்கே உட்கார்ந்து கட்லெட் சாப்பிடலாம். எனக்கு இதுதான் உசத்தி :-)

வடிவமைத்தவர் லாரி பேக்கர். 1917ல் பர்மிங்காமில் பிறந்தவர். தொழுநோயாளிகளுக்கான கட்டடங்கள் கட்ட 1945ல் இந்தியா வந்து, கடைசியில் திருவனந்தபுரத்துக்காரராகவே ஆகி, 2007ல் அங்கேயே மறைந்தார். மகள் உடனே 'லாரி பேக்கர் கட்டிய காபி கடை' என்று பெரிய எழுத்தில் தலைப்புப் போட்டாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டடம் அவருடையது, சரி. கடை யாருடையது?

இந்தக் கதை எழுத ஒரு முழுப் பக்கம் கேட்டு வாங்கினேன். உலகப் பொருளாதார மந்தத்தில் காபி விலை விழுந்தபோது, நம் நாட்டிலேயே காபி குடிப்பவர்களைப் பெருக்க வேண்டும் என்று காபி வரிக் குழு 1936ல் பம்பாயில் ஒரு கடை திறந்தது. பெயர் 'இந்தியா காபி ஹவுஸ்'. பிறகு காபி வாரியத்தின் கையில் அது நாடு முழுவதும் பரவியது. 1950களின் நடுவில் வாரியம் கடைகளை மூட முடிவு செய்தது. பரிமாறுகிறவர், சமையல்காரர், கணக்குப் பார்ப்பவர் என எல்லோருக்கும் வேலை போகும் நிலை.

அப்போது நாடாளுமன்றத்தில் கம்யூனிஸ்ட் உறுப்பினர்களின் தலைவராக இருந்த ஏ.கே.கோபாலன், 'வேறு வேலை கொடுங்கள்' என்று கேட்பதோடு நிற்கவில்லை. கடைகளை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்று தொழிலாளர்களிடம் சொன்னார். 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் முதல் கடை. 1958 மார்ச்சில் திருச்சூரில் கேரளத்தின் முதல் கடை. இன்றைக்குக் கேரளத்தில் இரண்டு சங்கங்கள், ஒன்று திருச்சூர், மற்றது கண்ணூர். தம்பானூர் கடை திருச்சூர் சங்கத்துடையது.

பி.காமில் 'கூட்டுறவு' என்று ஒரு பேப்பர் உண்டு. மார்க்குக்காக மனப்பாடம் செய்த விஷயம்: கம்பெனியில் எத்தனை பங்கோ அத்தனை ஓட்டு, கூட்டுறவில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. வங்கியில் இத்தனை வருஷம் கடன் மனுக்களைப் புரட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன், 'முதலாளி எங்களை விட்டுவிட்டார், நாங்களே நடத்துகிறோம்' என்று ஒரு மனு வந்தால் எந்த மேனேஜரும் இரண்டு தடவை யோசிப்பார். இவர்கள் அறுபது வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டியிருக்கிறார்கள்.

வெள்ளை உடுப்பு, தலையில் விசிறி வைத்த தலைப்பாகை. "ஏன்ப்பா இன்னும் ராஜா காலத்து வேலைக்காரர் மாதிரி?" என்றாள் மகள். வாரியக் கடையில் சம்பளத்துக்குப் போட்ட உடுப்பை, சொந்தக் கடையிலும் கழற்றவில்லை, அவ்வளவுதான். படத்துக்குக் கீழே 'பணியாளர்' என்று எழுதியிருந்ததை மட்டும் 'உறுப்பினர்' என்று மாற்றச் சொன்னேன்.

பெயரையும் கவனியுங்கள். வாரியம் நடத்தியபோது 'இந்தியா' காபி ஹவுஸ். தொழிலாளர்கள் எடுத்ததும் 'இந்தியன்' காபி ஹவுஸ். இந்த ஒரு 'ன்' விஷயம் தெரியாமல் பல வருஷம் அங்கே காபி குடித்தவர்கள் எத்தனையோ பேர். அந்தத் தொழிலாளர் தலைவர்களில் ஒருவரான என்.எஸ்.பரமேஸ்வரன் பிள்ளை மலையாளத்தில் காபி ஹவுஸின் கதையை ஒரு புத்தகமாகவே எழுதினார். ஊரில் அவர் பெயரே காபி ஹவுஸ் பிள்ளைதான்.

ஆறாவது பக்கம் சாப்பாட்டுக்கு. மசால் தோசைக்குள் ஏன் பீட்ரூட் என்பதற்கு ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதை வரலாற்றில் சேர்க்காமல், சிவப்புக் கலரில் படமாக மட்டும் போட்டாயிற்று.